திரிகோணமலையில் ஒரு பிடி அரிசி

ஒன்பது வயதில் கப்பலேறி, திரிகோணமலையைச் சுற்றிப் பார்க்கப் போனேன். கோட்டையையும் பார்க்கவில்லை, அதற்குள் திரியும் மான்களையும் பார்க்கவில்லை. அம்மாவோடு வாசல் வாசலாகப் போய்ப் பிச்சை கேட்டேன்.

சென்னையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலுக்கு அப்பா எப்போதோ டிக்கெட் எடுத்திருந்தார். பிறகுதான் என் இதயத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது. தசரா முடிந்ததும் ஆப்பரேஷன் என்று முடிவாயிற்று. பிள்ளை ஆசைப்பட்டதாயிற்றே என்று பயணத்தை மட்டும் நிறுத்தவில்லை. டாக்டர் தூங்கவைத்துச் சின்னதாக ஒரு தையல் போடுவார், அப்புறம் ஐஸ்கிரீம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் ஐஸ்கிரீமைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு மாலை போட்டுவிட்டாள். எங்கள் ஏரல் பக்கத்தில் தசராவுக்கு மாலை போட்டவர்கள், எவ்வளவு வசதி இருந்தாலும், அடுத்தவர் வாசலில் நின்று தர்மம் கேட்டு, கிடைத்ததைக் கோயிலில் சேர்ப்பார்கள். தினமும் ஒரு வாசலிலாவது கேட்கிறேன் என்று அம்மா நேர்ந்திருந்தாள். கடலில் வாசலுக்கு எங்கே போவது என்று அம்மனிடம் கேட்க மறந்துவிட்டாள். முதல் நாள் எதிர் அறைக் கதவைத் தட்டி ஒப்பேற்றினாள். உடனே கப்பல்காரர்கள் வந்து, இங்கே வசூலெல்லாம் கூடாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதனால் கரையிறங்கிய அன்று, கோட்டை வாசலில் சுற்றுலா பஸ் நின்றதும், பித்தளைத் தட்டோடு என்னை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள். யாருக்காக வேண்டுகிறோமோ அவர்களும் கூட நிற்க வேண்டும் என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். ஊர் விட்டு ஊர் வந்து மானத்தை வாங்குகிறாளே என்று அப்பா பல்லைக் கடித்தார்.

“பஸ்ஸ நிறுத்தி வைங்க. வாங்காம ஏற மாட்டேன்” என்றாள் அம்மா.

முதல் வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டுக்காரர் ஏதோ விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கையை ஆட்டி அனுப்பினார். அப்புறம் ஒரு வீட்டில் நாய். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

“நம்ம வீட்டுல இல்லாத அரிசியா? எதுக்கும்மா கேக்கே?”

“இருக்கதக் குடுத்தா அது பெருசில்லட்டி. கேட்டு நிக்கணும்.”

மற்றவர்கள் கோட்டையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள் போல, தூரத்தில் பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. அப்பா ஓடி வந்தார். தரதரவென்று இழுத்துப் போகத்தான் வந்தார். ஆனால் இன்னொரு வாசலில் தட்டை ஏந்தி நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்தார். தட்டையும் சிவப்புச் சேலையையும் பார்த்தார்.

“ஆருக்கு நேர்த்தி?”

அம்மா என் தலையில் கையை வைத்தாள். அந்த அம்மாள் மதியச் சோற்றுக்குப் புடைத்துக்கொண்டிருந்த அரிசியில் ஒரு பிடி அள்ளி வந்து தட்டில் போட்டார். என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

பஸ்ஸில் அத்தனை பேரும் எங்களை முறைத்தார்கள். பொறுக்க முடியாமல் நான் வெடித்தேன்.

“அடுத்த வருசம் நான் வரவே மாட்டேன், பாத்துக்கோ.”

அத்தனை வாசலிலும் அசராமல் நின்ற அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

“வருவ. இழுத்துட்டு வருவேன்” என்றாள்.

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.