நாலு பக்கமும் திருப்பிய படம்

கறுப்பும் துருச் சிவப்புமாக இரண்டு பெரிய வடிவங்கள். ஹில்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு எதிரே அந்தப் படம் தொங்கியது. வேலைக்குப் போன முதல் நாள் அதில் மலையைத் தேடினேன், கப்பலைத் தேடினேன். ஒன்றுமில்லை. அதைச் செய்தவர் நான் பராமரிக்க வந்த ஜப்பானியப் பெரியவர்தான். போர் முடிந்து தோக்கியோ சாம்பலாய்க் கிடந்த காலத்தில், கிடைத்த பலகைத் துண்டுகளைச் செதுக்கி, மை பூசி, காகிதத்தில் ஒற்றி எடுத்தவர். உருவமே இல்லையே என்று அவருடைய மகளிடம் கேட்டேன். "பார்த்ததையெல்லாம் வரைய அப்பாவுக்கு மனம் வரவில்லையாம்," என்றார்.

பக்கவாதம் அவருடைய பேச்சை எடுத்துவிட்டிருந்தது. இடது கை மட்டும் மிச்சம். காலைக் கஞ்சி முடிந்ததும் அந்தக் கையால் படத்தைக் காட்டுவார். பிறகு உள்ளங்கையைப் புரட்டுவார். தலைகீழாகத் தொங்குகிறதாக்கும் என்று திருப்பி மாட்டினேன். இல்லை என்று தலையாட்டினார். பக்கவாட்டில் வைத்தேன். அதுவும் இல்லை. நாலு பக்கமும் திருப்பிக் களைத்து, "சொறி" என்று மன்னிப்புக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளும் அதே கை, அதே புரட்டல்.

"மனுசன் என்னத்தையோ கேக்குது, எனக்கு விளங்கேல்லை," என்று கணவரிடம் சொல்லி அழுதேன். "நீ மகளைக் கேளன்," என்றார். கேட்டேன். "முப்பது வருடமாக அப்பாதான் அதை அப்படி மாட்டி வைத்திருக்கிறார். இப்போது குழம்பிவிட்டார்," என்றார் மகள். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் கை நீட்டினால், "ஓம் ஐயா, வடிவான படம்" என்று தமிழிலேயே புகழ்ந்து அவர் வாயைத் துடைத்துவிடுவேன். இன்றைக்கு அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

குளிர்காலத்தில் நியூமோனியா வந்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படமாவது பக்கத்தில் இருக்கட்டும் என்றார் மகள். கண்ணாடி வேண்டாமென்று சட்டத்தைக் கழற்றினோம். காகிதம் என் கையில் புரண்டது. பின்பக்கம் முழுக்க நீலம். அங்கேயும் பலகை வைத்து ஒற்றியிருந்தார். அந்த நீலம் இழைகளுக்குள் ஊறித்தான் முன்பக்கக் கறுப்பு அவ்வளவு ஆழமாகியிருந்தது. "நான் இதைப் பார்த்ததேயில்லை," என்று மகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டிலருகே நின்று, நீலப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். மகள் ஜப்பானிய மொழியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "ஐயா, இந்தப் பக்கம்தானே? இப்ப விளங்கீட்டுது," என்றேன் நானும். ஒக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு ஏறி இறங்கியது. இமை அசையவில்லை. கை கடுத்தது. இறக்கினால் அந்த நேரம் பார்த்துக் கண் திறந்துவிடுவாரோ என்ற பயத்தில், நர்ஸ் வந்து என் தோளைத் தொடும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.