பெருமாளுக்கு ஓடிய டீசல்

அரியலூரில் வரிக் கணக்கு எழுதுபவர் அவர். வழுக்கைத் தலை, முழுக்கைச் சட்டை. கேள்வி கேட்பதற்கு முன் பேனாவை ‘டக்’கென்று மூடுவார்.

எனக்கு வாடகைப் பாத்திரத் தொழில். அதற்கு வைத்திருக்கும் குட்டி யானை வண்டியின் டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தொழில் செலவாகக் காட்டி வரியைக் குறைக்கப் போயிருந்தேன்.

டக்.

“வண்டி சொந்த வேலைக்கு ஓடாதுங்களா?”

“சத்தியமா ஓடாதுங்க சார். அண்டா, குண்டான் ஏத்துறதோட சரி.”

“சனிக்கிழமையானா கல்லங்குறிச்சி கோயில் வாசல்ல நிக்குதே. பெருமாள் அண்டா வாடகைக்கு எடுத்தாருங்களா?”

கம்பி எண்ணும் காட்சி கண்ணில் வந்துவிட்டது. ஜெயில் சமையலுக்கு எந்த அளவு அண்டா வேண்டும் என்றுகூட மனம் கணக்குப் போட்டது.

“மச்சான் வூட்டு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போவோம் சார். இந்த ஒரு தடவை விட்டுடுங்க!”

“விட்டுடத்தாங்க போறேன். அந்த டீசலை மட்டும்.”

சிரிக்காமல் சனிக்கிழமைப் பங்கைக் கழித்துவிட்டு, மீதியைத் தொழில் செலவில் எழுதினார். அவ்வளவுதான் விஷயம்.

இப்போதும் சனிக்கிழமை கோயிலுக்குப் போனால், பெருமாளுக்கு முன்னால் அவரைத்தான் தேடுகிறேன். ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. எந்தத் தூணுக்குப் பின்னால் நின்று பேனாவை மூடுகிறாரோ!