அருள்மொழியின் முன்பற்கள்

அருள்மொழி எட்டு வயதுவரை கட்டைவிரல் சூப்பினாள். திருப்பாதிரிப்புலியூரில் அவள் வீட்டார் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. விரல் சூப்புகிற பிள்ளை அழாது, பெரியவர்கள் பேச்சில் குறுக்கே வராது. அப்பா பஞ்சநாதன் வந்தவர் போனவரிடமெல்லாம், "எங்க பொண்ணு சத்தமே போட மாட்டா" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அம்மா சௌந்தரத்துக்கு மட்டும் ஒருநாள் ஞானோதயம் வந்து, மகளின் வலது விரலில் வேப்பெண்ணெய் தடவினாள். மகள் இடது விரலுக்கு மாறிக்கொண்டாள். அத்தோடு வைத்தியம் முடிந்தது.

"பால் பல்லு தான, வுழுந்து மொளச்சா சரியாப் போயிடும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

பல் விழுந்தது, முளைத்தது. விரலுக்கு மரியாதையாக வழிவிட்டே முளைத்தது. மேல்வரிசை முன்னால் தூக்கிக்கொண்டது. பல்லைக் கடித்தாலும் மேலும் கீழும் சேரவில்லை. அருள்மொழி மெதுவடையைக்கூடக் கடைவாயில் வைத்துத்தான் கடிப்பாள்.

இருபது வயதில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

"கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு வாயில கம்பியா? பாக்க வர்றவுங்க என்ன நெனப்பாங்க?" என்றாள் சௌந்தரம்.

பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்குப் பல் தெரியாது, கம்பி மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டபின் மறுபடி கேட்டாள். கணவன் சிவசங்கர் நல்லவன், அன்பாகவே மறுத்தான்.

"அதான் கல்யாணமே ஆயிடுச்சே. இனிமே யாருக்குக் காட்டப் போற?"

இப்போது அவர்கள் மகள் அனுப்பிரியாவுக்கு ஐந்து வயது, வாயில் கட்டைவிரல். சிவசங்கர், "சமத்தா இருக்கா, வுடு" என்றான். அருள்மொழி விடவில்லை. பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"புதுப் பல்லு வர்றதுக்குள்ள நிறுத்திட்டா பெரும்பாலும் தானா சரியாயிடும். மிஞ்சிப்போனா ஒரு வருஷம் இருக்கு. மெரட்டாதீங்க, புரிய வைங்க" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் மகளை எதிரே உட்கார வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை விலக்கிக் காட்டினாள். நடுவே இருந்த சந்தில் அனுப்பிரியாவின் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. குழந்தை பயந்து விரலை இழுத்துக்கொண்டாள்.

"வெரல் சூப்புனா இப்பிடி ஆவும்னு ஒனக்கு யாரும் சொல்லலியாம்மா?"

வீட்டார் பேச்சையெல்லாம் மனசுக்குள் கேலி செய்தே காலம் தள்ளிய அருள்மொழிக்கு அன்று ஒரு கேலியும் வரவில்லை. பெற்றவர்கள்மீது முதல்முறையாகக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

"சொல்லல" என்றாள்.

மறுநாள் அதே டாக்டரிடம் தனியாகப் போனாள். தன் பல்லுக்குக் கம்பி போட நாள் குறித்துக்கொண்டு, வீட்டில் தகவலாக மட்டும் சொன்னாள்.