அக்கா/மருந்து-நேரம்

இதை யாராவது கதை என்று நினைத்துக்கொண்டால் எனக்கு நல்லதுதான். ஆனால் நடந்தது. பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிகிற அலுவலகத்தில், எனக்கே நடந்தது.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். எந்த நோயாளிக்கு எத்தனை மணிக்கு எந்த மருந்து என்று நர்சுக்கு அது சொல்லும். அதில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் மூலத்தில் கை வைக்க மாட்டோம். இணையப் பக்கத்தில் ஒரு பிரான்ச் போடுவோம், அதாவது ஒரு கிளை. பெட்டியில் பெயரைத் தட்டி 'உருவாக்கு' என்பதை அழுத்தினால் வேலை முடிந்தது. பெயருக்கு முன்னால் அவரவர் பட்டப்பெயர் வர வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். என்னை எல்லாரும் அக்கா என்பார்கள். பக்கத்து இருக்கைக்காரன் ஒல்லி.

நாலு மாதத்துக்கு முன்பு ஓர் அவசரத் திருத்தம். என் கணினி மக்கர் செய்தது. "தள்ளுடா, ரெண்டே நிமிஷம்" என்று ஒல்லியின் கணினியில் உட்கார்ந்தேன். அவன் தன் கணக்கில் நுழைந்திருந்த திரையை அப்படியே விட்டுவிட்டு டீ வாங்கப் போனான். அந்தப் பக்கத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. எந்தப் பதிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ, அதிலிருந்துதான் புதுக் கிளை முளைக்கும். அவன் திரையில் திறந்திருந்தது ஆறு மாதப் பழைய பதிப்பு. நான் கவனிக்கவில்லை. கைப்பழக்கத்தில் 'அக்கா/மருந்து-நேரம்' என்று தட்டி அழுத்தினேன். பழைய பிழைகளெல்லாம் என் திருத்தத்தோடு சேர்ந்து மருத்துவமனைக்குப் போயின. அன்றிரவு ஒரு பெரியவருக்கு ஒரே ஊசியை இரண்டு முறை போட்டுவிட்டார்கள். மனிதர் பிழைத்ததே பெரிய விஷயம்.

விசாரணையில் மேனேஜர், ஒல்லி, நான். திரையில் அந்தக் கிளை. பெயர் என்னுடையது. ஆனால் 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் ஒல்லி.

"யாரு போட்டது இது?"

ஒல்லி என்னைப் பார்த்தான். "அக்கா, நீங்களே சொல்லுங்க."

"என்னைக் கேட்டா? உருவாக்கினவர்ங்கற இடத்துல யார் பேரு இருக்குன்னு பாருங்க சார்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவன் வேலை போயிற்று. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனுக்கும் ஒரு பிள்ளை இருந்தது. வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

போன மாதம் அவன் மறுவிசாரணை கேட்டான். திங்கட்கிழமை வெளியாட்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஒல்லி எதற்கு அக்கா பெயரில் கிளை போடுவான் என்று ஒருவர் நிதானமாக யோசித்தால் போதும், என் சாயம் வெளுத்துவிடும். அவனுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பெயர்தான். அதை அழிக்க ஞாயிறு மதியம் தனியாகப் போனேன்.

மணி 2.10. பட்டியலில் பதினான்கு கிளைகள். என்னுடையதை அழித்தேன். எண்ணிப் பார்த்தேன்... பதினான்கு.

கடைசியில் புதிதாக ஒன்று. 'அக்கா'. வெறும் அக்கா. உருவாக்கியவர்: ஒல்லி.

பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இவன் கணக்கை இன்னும் மூடவில்லையா? வீட்டிலிருந்து விளையாட்டுக் காட்டுகிறானா? "போடா டேய், உன்னால ஆனதைப் பாரு" என்று சொல்லிவிட்டு அழித்தேன்.

2.14. 'அக்கா-நீங்களே'.

அழித்தேன்.

டக்... டக்.

சத்தம் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது. எதையும் அழுத்துவதற்கு முன்னால் ஒல்லி பேனாவை மேசையில் இரண்டு முறை தட்டுவான். அந்த மேசையில் இப்போது கணினிகூடக் கிடையாது. தூசிதான் இருந்தது.

2.17. 'அக்கா-நீங்களே-சொல்லுங்க'.

அவன் எண்ணுக்கு அடித்தேன். நாலு வார்த்தை திட்டினால் தைரியம் வரும் என்று நினைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அழித்தேன்.

டக்... டக்.

அதே பெயர்.

அழித்தேன்.

டக்... டக்.

2.25. இந்த முறை வந்தது வேறு. 'அக்கா/மருந்து-நேரம்'. நான் முதலில் அழித்த அதே கிளை. விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

பக்கத்து நாற்காலி திரும்பியது...

மெதுவாக...

என் பக்கம்.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

மணி 2.26. சத்தம் நின்றது. பதிமூன்று கிளைகள். பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

திங்கள் காலை 9.20. மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். "நம்ம ஒல்லி போயிட்டான்ப்பா. நேத்து காலைல பதினொன்னே முக்காலுக்கு. மாரடைப்பு. அவன் மனைவி இப்பதான் போன் பண்ணாங்க."

அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். "நான்தான் சார் போட்டேன். நேத்து வந்து அழிச்சதும் நான்தான்."

அவர் சிஸ்டம் பார்ப்பவரைக் கூப்பிட்டார். யார் எப்போது எதைப் போட்டார்கள், எதை அழித்தார்கள் என்பதெல்லாம் பதிவாகும் ஏட்டை அவர் திறந்தார். ஒல்லியின் கணக்கு மூடி நாலு மாதம். நேற்று புதிதாக ஒரு கிளையும் உருவாகவில்லை. அழித்ததும் ஒன்றே ஒன்றுதான். 'அக்கா/மருந்து-நேரம்', மதியம் 2.26.

"அழிச்சவங்க இடத்துல உங்க பேரு இல்லையேக்கா" என்றார் சிஸ்டம்காரர். விரலால் காட்டினார்.

அழித்தவர்: ஒல்லி.

"மூடின கணக்கு... எப்படின்னே தெரியல சார்." அவர் முகம் வெளுத்திருந்தது.

"நேரம் ஏதோ தப்பா பதிவாயிருக்கும், விடுங்க" என்றார் மேனேஜர். பிறகு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"செத்துப்போனவன் பேரு கெடக்கூடாதுன்னு பழியை உங்க தலையில போட்டுக்கறீங்க பாருங்க... உங்களை மாதிரி நல்ல மனசு யாருக்கும்மா வரும்?"