சுழியோடி ஐந்தும் என் வயிற்றில் கரைந்த புளியும்

கேம் கடை வைத்திருப்பவளுக்கு ஒரு சாபம் உண்டு: கேமை எங்கோ ஒரு தேசத்தில் எவனோ செய்வான், ஏச்சைத் திருகோணமலை ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் இருக்கிற நான் வாங்குவேன். நீங்களும் எதையாவது "நல்லம், நல்லம்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு திருதிருவென்று முழித்தவரா? அப்படியானால் வாருங்கள், ஒரே கதிரையில் இருந்து அழலாம்.

கடலுக்கடியில் மூழ்கிய கப்பல்களைத் தேடிப்போகும் ஒரு பெண்ணின் சாகசம் அது. நாலு பாகங்கள் வந்துவிட்டன. அதன் நீட்டு இங்கிலிஸ் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாது. கடலில் முக்குளிக்கிறவள் என்பதால் எங்கள் ஊருக்கு அவளும் கேமும் "சுழியோடி". ஐந்தாம் பாகம் வருகிறது, அபாரம் என்று ஒரு வருசமாக நான்தான் தம்பட்டம் அடித்தேன்.

கதை கேட்கவில்லை

முதல் ஆளாக டிஸ்க்கை வாடகைக்குக் கொண்டுபோனவன் பக்கத்துக் கந்தோரில் வேலை செய்யும் ஜெகன். அடுத்த நாள் காலையிலேயே வந்து நின்றான். "அக்கா, இதில கதை சரியில்லை" என்றான். எங்கள் ஊரில் கதை என்றால் பேச்சும்தானே, ஆட்கள் பேசுகிற சத்தம்தான் வரவில்லையாக்கும் என்று நினைத்தேன். வயரைக் கழற்றினேன், பூட்டினேன், டிஸ்க்கைத் துடைத்தேன், ஸ்பீக்கரை மாற்றினேன். அரை மணித்தியாலம் போனது. சுழியோடி கணீரென்று கதைத்தாள். நான் வெற்றியோடு அவனைப் பார்த்தேன்.

அவன் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னான்: "கதை கேக்குது அக்கா. கதைதான் இல்லை."

சீட்டி

இரண்டாம் ஆள் சல்லிக் கிராமத்தில் இருந்து சைக்கிளில் வரும் குமார் அண்ணன். மீன்பிடிக்கிறவர், கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்றைக்கு மிகவும் தாழ்ந்த குரலில் வந்தார். புதுப் பாகத்தில் சுழியோடி தன் போட்டைச் சீட்டியடித்துக் கூப்பிடுகிறாளாம். கடலில் சீட்டியடித்தால் காற்றைக் கூப்பிட்டது மாதிரி என்பது அவர் வீட்டுச் சட்டம். நாலு பாகம் கடலுக்கு மரியாதை தந்தவளுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்டார். நானே சீட்டியடித்தது போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

டிஸ்க்கை மேசையில் வைத்தார். "இவளோட இனி நான் தொழிலுக்குப் போகமாட்டன், தங்கச்சி."

நானே விளையாடிப் பார்த்தது

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு நானே விளையாடினேன். மூன்றாம் கட்டத்தில் சுழியோடி கடலில் தாண்டுபோகிறாள், மூழ்கிச் செத்தேபோகிறாள். சும்மா இல்லை, மூச்சுக்குத் தவித்து, கையை நீட்டி, கண் திறந்தபடியே. மிச்சக் கேம் முழுக்க அவளுடைய தம்பி ஓடித் திரிகிறான். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நினைவுக்கு வந்தது அஸ்ரா.

அஸ்ரா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிண்ணியா நசீர் நானாவின் மகள். பதினொரு வயது. சின்னதில் இறங்குதுறையில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தவள். அதிலிருந்து கிண்ணியாப் பாலத்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பாள். வாப்பாவும் மகளுமாக நாலு பாகத்தையும் விளையாடி, சுழியோடியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்குக் கொஞ்சம் துணிவு வந்திருந்தது. அடுத்த புதன்கிழமை வகுப்போடு போட் ஏறிப் புறாத்தீவுக்குப் போகப் பெயர் கொடுத்திருந்தாள். பெயர் கொடுத்த அன்று கடைக்கு ஓடி வந்து சொன்னாள்: "சுழியோடி போனா நானும் போவன், அன்ரி."

தப்பாய்ப் போன எச்சரிக்கை

வெள்ளிக்கிழமை நசீர் நானா டிஸ்க் கேட்டு வந்தார். நான் கோழை. அவள் செத்துவிடுகிறாள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலவில்லை. சுற்றி வளைத்து, "நானா, இது வேண்டாம். கதை சரியில்லை" என்றேன். ஜெகனிடம் பட்ட பிறகும் அதே சொல்லைத்தான் எடுத்தேன், பாருங்கள்! அவர் சிரித்தபடி டிஸ்க்கைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பின்னாலேயே ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை.

படி இறங்கும்போது அவர் சொன்னது இதுதான்: "சத்தம் வராட்டிப் பரவாயில்ல தங்கச்சி, புள்ளைக்குக் கடலப் பாத்தாக் காணும், அது போதும்."

செவ்வாய்க்கிழமை

நாலு நாள் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் நானாவின் நம்பரா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். செவ்வாய் பின்னேரம் இரண்டு பேரும் வந்தார்கள். நானா என்னைப் பார்க்காமல் அலுமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அஸ்ராவின் கண் வீங்கியிருந்தது. "அவ தாண்டுபோயிட்டா" என்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் விடவில்லை. முதல் பாகத்தில் இருந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தார்களாம். சுழியோடி ஒரு பாகத்திலும் உயிர்காப்பு ஜாக்கெட் போடவில்லையாம். ஜாக்கெட் போட்டால் எப்படியம்மா சுழியோடுவது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எனக்கு இப்ப இன்னும் பயம், அன்ரி. ஆனா டீச்சர் ஜாக்கெட் தருவா."

புதன்கிழமை

கச்சான் காற்று வாசல் சீலையைப் பிய்த்து எறிந்தது. எத்தனை தரம் வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன் என்று கணக்கில்லை. வந்த ஒருவனுக்குக் கார் ஓட்டுகிற கேமுக்குப் பதிலாகக் குழந்தைப் பாட்டு டிஸ்க்கைக் கொடுத்தனுப்பினேன். குமார் அண்ணனுக்குப் போன் போட்டுக் கடல் எப்படி என்று கேட்டேன். "கடல் மாதிரித்தான்" என்று வைத்துவிட்டார்.

மூன்றரைக்கு நசீர் நானாவின் நம்பரில் இருந்து போன் வந்தது. எடுக்கவே பயம். எடுத்தேன், அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற ஒரு சின்னக் குரல்: "அன்ரி, போகேக்க கண்ணை மூடிக்கொண்டு போனனான். வரேக்க திறந்துகொண்டு வந்தனான்!"

சுழியோடி ஐந்தாம் பாகம் சப்பென்று இருக்கிறது என்று ஊரே சொன்னாலும், அதனால் ஒரு கிழமை முழுக்க நடுங்கிய ஆள் திருகோணமலையில் ஒருத்தி இருக்கிறாள் என்று அதைச் செய்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன்.