கவலை குறைந்த இனம்

எங்கள் அடுக்குமாடி வளாகத்தின் பின்மூலையில் ஒரு பாறை இருக்கிறது. கட்டியவர்கள் அதை உடைக்கப் பார்த்து, வெடி வைக்க அனுமதி கிடைக்காமல், அப்படியே விட்டுவிட்டார்கள். பாறைக்குப் பின்னால் சுற்றுச்சுவர், சுவருக்கு அப்பால் நன்மங்கலம் காட்டின் கம்பி வேலி. பாறையடியில் சூரைமுள்ளும் காரைச்செடியும் பின்னிக் கிடக்கும் கொஞ்சம் நிலம். பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டி இருப்பதால் அது யாருக்கும் வேண்டாத இடம். கார் நிறுத்த இடம் போதாமல் தினமும் அடித்துக்கொள்கிறவர்கள்கூட அந்த மூலையைக் கேட்டதில்லை. அங்கேதான் ஒவ்வொரு ஐப்பசியிலும் செங்காந்தள் பூக்கும்.

நாங்கள் குடிவந்த வருஷம், மாடியிலிருந்து காற்றில் பறந்துபோன துண்டைத் தேடிக்கொண்டு அங்கே போனேன். துண்டு முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், இலை நுனியைச் சுருட்டி முள்ளைப் பிடித்துக்கொண்டு ஒரு கொடி ஏறியிருந்தது. அதில் கீழே பாதி மஞ்சள், மேலே பாதி சிவப்பு என்று ஒரு பூ. மாநில மலர் என்று பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேனே தவிர, நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். துண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதிலிருந்து எனக்கு அந்தச் செடிமேல் பைத்தியம். மழை தொடங்கியதும் காலையில் பல்கூடத் தேய்க்காமல் கீழே இறங்கிப் போவேன். என் வீட்டுக்காரர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன, உன் ஆளு வந்தாச்சா?" என்பார். தோட்ட வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அந்த மூலையையும் சுத்தம் செய்து கொரியன் புல் போடுகிறோம் என்று வரும்போதெல்லாம் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வளாகத்தில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர் வந்தது அப்படித்தான். அதற்கெல்லாம் நான் அலட்டிக்கொள்ளவில்லை.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. அங்கே தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற ஒரு பேராசிரியையும் இன்னும் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் செடி பார்க்கக் கிளம்புவார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். வண்டலூர்ச் சரிவு, பெருங்களத்தூர் ஏரிக்கரை, தாம்பரத்துக்கு வெளியே ரயில் பாதை ஓரப் புதர்கள் என்று அலைந்தோம். காந்தள் இருந்ததாக அவர்கள் குறித்து வைத்திருந்த இடங்களில் பாதிக்கு மேல் வீட்டுமனைக் கல் நட்டிருந்தது. மீதி இடங்களில் குழிதான் இருந்தது. மருந்துக்கு விலை போகும் என்பதால் யாரோ கிழங்கோடு தோண்டிக்கொண்டு போயிருந்தார்கள். கடைசியில் நாங்கள் சுற்றிய வட்டாரத்தில் எங்களுக்குத் தெரிந்து நிச்சயமாக வருஷா வருஷம் பூப்பது எங்கள் கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் மட்டும்தான் என்றாகிவிட்டது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இதைக் காப்பாற்ற சட்டம் கிட்டம் இல்லையா?" என்று பேராசிரியையிடம் கேட்டேன். அவர் சிரித்தார். உலகம் முழுவதும் எந்த உயிர் அழிகிறது, எது தப்பிக்கிறது என்று ஒரு பெரிய பட்டியல் போடுகிறார்களாம். அதில் காந்தளுக்குக் கிடைத்திருக்கும் தகுதி 'கவலை குறைந்த இனம்'. ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வரை பரவிக் கிடக்கிறது, மேற்கு மாவட்டங்களில் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள், அதற்கு என்ன கேடு என்று பட்டியல் நினைக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் ஆப்பிரிக்காவில் பூத்தால் எனக்கு என்ன ஆயிற்று? அன்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை முகம் தெரியாத அந்தப் பட்டியல்காரர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வளாகத்தில் எனக்கு நெருக்கம் என்று சொன்னால் தரைத்தளத்து அக்கா ஒருவர்தான். எங்கள் கட்டடம் நிற்கிற நிலம் அவருடைய மாமனார் குடும்பத்துடையது. நிலத்துக்குப் பதிலாக அவர்களுக்குச் சில வீடுகள் கிடைத்தன. அதில் ஒன்றில் மகன், மருமகள், பேத்தியோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு கிடைத்தால் இருவரும் பல்லாவரம் சந்தைக்குப் போவோம். நான் பூந்தொட்டி பார்ப்பேன், அவர் நான் கொடுக்க ஒப்புக்கொண்ட விலையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு பாதியாகக் குறைப்பார். அவ்வளவு பழகியும் பாறை மூலைக்கு மட்டும் அவர் வந்ததே இல்லை. பூ பூத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால், "நீ பாத்துக்கினு வா" என்பார். அந்த நாற்றம் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் பேத்தி நன்றாக ஓடத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அவள் கையில் காந்தள் இதழ் ஒன்றைப் பார்த்ததும் அக்கா போட்ட கூச்சலில் நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். குழந்தையின் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். வாயில் ஒன்றுமில்லை. குழந்தை பயந்து வீறிட்டது. அக்கா என்னைப் பார்த்து, "இந்தக் கண்ணுவலிப் பூவ மொதல்ல புடுங்கிப் போடணும். வேரோட" என்றார். அவ்வளவுதான், அன்று ராத்திரியே குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் விஷச்செடி என்று படத்தோடு வந்துவிட்டது. கூடவே பாம்பு வரும், கொசு வரும் என்று ஆளாளுக்கு எடுத்துவிட்டார்கள்.

நான் அக்காவோடு பேசுவதை நிறுத்தினேன். முதுகில் குத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். நான் படமெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அரளி இல்லையா நம் வாசலில், அதுவும் விஷம்தானே என்றேன். சுற்றிக் கம்பிவலை போடலாம், செலவு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இந்த வட்டாரத்தில் இது அழிந்துகொண்டிருக்கிறது என்றேன். செயலாளர் ஓய்வுபெற்ற இன்ஜினீயர், பொறுமையான மனிதர். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே செல்போனில் தேடிப் பார்த்துவிட்டார்.

"மேடம், லீஸ்ட் கன்சர்ன்னு போட்டிருக்காங்களே? வேர்ல்டு லிஸ்ட்லயே கவலைப்பட வேணாங்கறான். நாம ஏன் டென்ஷன் ஆகணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. அந்தச் சூட்டில்தான் அதைச் சொன்னேன். "பூவைத் தின்னு யாரும் செத்ததில்லை சார். விஷம் அதிகமா இருக்கறது கிழங்குலதான். அந்தக் கிழங்கு கலப்பை மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கும். கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாக்கூடத் தெரியும். அதைப் போய் யாரும் தெரியாம சாப்பிடவே முடியாது."

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். கூட்டங்களில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"எங்க தம்பி துன்னான்" என்றார். "அந்த வருசம் மழ இல்ல. எங்கம்மா காட்டோரம் வள்ளிக்கிழங்குன்னு தோண்டிக்கினு வந்து அவிச்சிது. நாங்க எல்லாருந்தான் துன்னோம். அல்லாருக்கும் வாந்தி. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாங்க. தம்பி மட்டும் பொயைக்கல. இந்தம்மா இப்ப சொல்லிச்சே, கண்ண மூடிக்கினு தொட்டாக்கூடத் தெரியும்னு. எங்க பெரியப்பாவும் இதே வார்த்ததான் சொன்னாரு."

மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் செல்போனைச் சட்டைப் பையில் வைத்தார். கம்பிவலையைப் பற்றி இனிமேல் நான் எந்த வாயால் பேசுவது? செடியை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. ஒருவர் ஜேசிபி கூப்பிடலாம் என்றார். கொடி காய்ந்து அடங்கியதும் நானே கிழங்கைத் தோண்டி எடுத்துவிடுகிறேன், அதுவரை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அக்காவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

அந்தக் கிழங்குகள் பிறகு என்ன ஆயின என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காட்டுக் காவலர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசியிருந்தேன். அவர் ஆளைக் கூட்டிவந்து வேலிக்கு உட்பக்கம் ஒரு சரிவில் புதைத்தார். ஒரே ஒரு முளை வந்ததாக ஆடியில் சொன்னார். பிறகு அதையும் காணவில்லை என்றார். பன்றி கிளறியிருக்கலாம், மாடு மேய்ந்திருக்கலாம். பட்டியலில் இதனால் ஒன்றும் மாறாது. ஐப்பசி வந்தால் நான் இன்னமும் காலையில் கீழே இறங்கிவிடுகிறேன். பாறையடியில் இப்போது கொரியன் புல் இருக்கிறது, அதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

தோண்டியது தை மாதத்தில் ஒரு விடுமுறை நாள் காலையில். என் வீட்டுக்காரரின் தோட்டக் கையுறையை மாட்டிக்கொண்டு, காவலாளியிடம் கடப்பாரை வாங்கிக்கொண்டு போனேன். கொடி சருகாகி முள்ளில் தொங்கியது. கொஞ்சம் மண்ணைக் கிளறியதும் யாரோ வருகிற சத்தம் கேட்டது. அக்கா. கையில் இரண்டு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார். கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுக்கிறேனா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்குக் கசந்தது. ஆனாலும் அன்று கூட்டத்தில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொன்னேன்.

"வுடு. உனக்கின்னா தெரியும்" என்று பக்கத்தில் குந்தினார்.

முதல் சில கிழங்குகள் ஈர மண்ணில் மேலாகவே இருந்தன. முழுசாக வந்தன. விரல் கனம், நடுவில் மடங்கி இரண்டு கை. அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலப்பதான். பெரியப்பா சொன்னாப்பலதான் கீது" என்றார். பிறகு கூட்டத்தில் பாதியில் விட்டதைச் சொன்னார். அந்தச் சமயம் அவருடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பெரிய சண்டையாம். கலப்பை போல இருக்கிற கிழங்கை எவளாவது தெரியாமல் அவிப்பாளா, அவள் வேண்டுமென்றேதான் செய்தாள், எல்லோரையும் முடித்துவிடப் பார்த்தாள் என்று தம்பியின் பிணத்துக்குப் பக்கத்திலேயே நின்று பெரியப்பா கத்தியிருக்கிறார். அம்மாவும்தான் அதே கிழங்கைத் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஊரும் பெரியப்பா பக்கமே பேசியது. "நானும் அப்டித்தான் நெனச்சேன்" என்றார் அக்கா. "கண்ணாலம் ஆவுற வரைக்கும் அது கையால சோறு வாங்கித் துன்னமாட்டேன். நானே போட்டுக்குவேன்."

குனிந்து தோண்டினேன். எல்லாவற்றிலும் பெரிய கிழங்கு பாறைக்கு அடியில், இறுகிய செம்மண்ணில் மாட்டிக்கொண்டிருந்தது. கடப்பாரையை விட்டு நெம்பினேன். உள்ளே ஏதோ நறுக்கென்று ஒடிந்தது. கையை விட்டு இழுத்தபோது ஒரு துண்டு மட்டும் வந்தது. இன்னொரு பாதி பாறைக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

அக்கா அதை என் கையிலிருந்து வாங்கினார். பிளாஸ்டிக் பை சுற்றிய விரலால் செம்மண்ணைத் தள்ளினார். நீளமாக, தோல் பழுப்பாக, நுனி கூராக ஒற்றைக் கிழங்கு. பிரிவும் இல்லை, மடங்கலும் இல்லை. ஒடிந்த இடத்தில் மாவு போல வெள்ளை. பல்லாவரம் சந்தையில் குவித்து வைத்திருந்தால் நானே பேரம் பேசியிருப்பேன்.

"இது இன்னா கிழங்கு, சொல்லு" என்றார்.

நான் மற்ற பாதிக்காகப் பாறைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன்.

"காஞ்ச மண்ணுல கடப்பாற போட்டா ஒடிஞ்சிதான வரும்" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. கிழங்கை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளிருந்து பேத்தி கூப்பிட்டாள், அவர் திரும்பவில்லை.

"சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சு எங்கம்மா. 'பாத்தா வள்ளிக்கிழங்காட்டம்தான்டி இருந்துச்சு'ன்னு. ஆஸ்பத்திரில கடைசியா பேசறப்பக்கூட என் கையப் புட்ச்சிக்கினு அதான் சொல்லிச்சு. நான் ஒரு தபா கூட 'ஆமாம்மா'ன்னு சொல்லல."