மஞ்சள் துணி கட்டிய வேம்பு

திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுத்தால் கூடவே ஒரு குடத்தையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று கேலி பேசுவார்கள். அப்படித் தண்ணீருக்கு அலைந்த ஊரில், வீட்டுக்கொரு குடம் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லிச் சங்கம் தொடங்கினால் யார் சிரிக்க மாட்டார்கள்? “குடிக்கிறது கூழாம், கொப்புளிக்கிறது பன்னீராம்” என்று தெரு சிரித்தது.

அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். மிக்ஸி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். குப்பை கொட்டிக்கொண்டிருந்த நகராட்சி இடத்தைக் கேட்டு வாங்கி, சீமைக்கருவேலத்தை வெட்டி, நடக்கப் பாதை போட்டு, ஓரமெல்லாம் கன்று நட்டார்கள். பேகம்பூரிலிருந்து சைக்கிளில் வரும் பாய்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். வீட்டில் குழந்தை என்று இருந்தது நான் ஒருத்திதான். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் பிள்ளை இல்லை. அதனால் இருவருக்கும் என்மேல் கொள்ளைப் பிரியம்.

நட்ட கன்றையெல்லாம் ஆடு தின்றது. வேலி கட்டினால் வேலியைச் சாய்த்துவிட்டுத் தின்றது. மிஞ்சியது ஒரே ஒரு வேம்பு. சாமி இல்லை என்று காலையும் மாலையும் சொல்கிற என் சித்தப்பா, ஒருநாள் அதற்கு மஞ்சள் துணியைச் சுற்றி, அடியில் கல்லை நட்டு, குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்.

“ஏப்பா, ஆட்டுக்குச் சாமி தெரியுமா?” என்றார் பாய்.

“ஆட்டுக்குத் தெரியாது பாய். ஆட்டுக்காரிக்குத் தெரியும்ல?”

சொன்னபடியே நடந்தது. ஆட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆடுகளை வேறு பக்கமாக ஓட்டிப்போனாள். ஆனால் அதோடு நிற்கவில்லை. செவ்வாய், வெள்ளி என்றால் பெண்கள் கூட்டம். வளையல் கட்டினார்கள், பால் ஊற்றினார்கள், தண்டை ஒட்டியே சூடம் ஏற்றினார்கள்.

“குரங்கு பிடிக்கப் போயி பிள்ளையாரா முடிஞ்சிருச்சேப்பா!” என்று பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

பாலுக்கு எறும்பு மொய்த்தது. சூட்டில் தண்டு ஒரு பக்கம் கருகியது. இலை பழுத்து உதிரத் தொடங்கியது. ஆட்டிடமிருந்து தப்பிய கன்று பக்தியில் சாகப் போகிறதே என்று சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. துணியை அவிழ்த்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று முடிவு செய்து, ஒரு ஞாயிறு காலை கத்தரிக்கோலோடு கிளம்பினார்.

சித்தி அடுப்படியிலிருந்து கேட்டாள். “அத எதுக்கு இப்ப அவுக்கணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

“இருந்தா மரம் செத்துரும். ஒனக்கென்ன வந்துச்சு?”

சித்தி வெளியே வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். எனக்கு ரிப்பனைக் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டிவிட்டாள்.

மரத்தடியில் சித்தப்பா வளையல் சரங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். நான் வாங்கி வாங்கிக் கையில் போட்டுக்கொண்டேன். தாழ்ந்த கிளை ஒன்று வளைந்து தொங்கியது. அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தொட்டில், உள்ளே ஒரு கூழாங்கல். பச்சைத் துணி, வெள்ளைப் பூ.

“சித்தப்பா! இது என் பொங்கல் பாவாடத் துணி! சித்தி தச்சுட்டு மிச்சம் வச்சிருந்துச்சுல்ல, அது! யாரோ நம்ம வீட்டுல திருடிட்டாக!”

சித்தப்பாவின் கை அப்படியே நின்றது. தொட்டிலை விரலால் தொட்டார். அது லேசாக ஆடியது. ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குச்சி ஒன்றைத் தேடி எடுத்து, வளைந்த கிளைக்கு முட்டுக் கொடுத்தார். தள்ளி நாலு செங்கலை அடுக்கி, சூடம் ஏற்ற இடம் செய்தார்.

பாய் வந்து பார்த்தார். “என்னப்பா, அவுக்கலையா?”

“இருக்கட்டும் பாய். பால் வேணாம், தண்ணி மட்டும் ஊத்துங்கன்னு சொல்லிருவோம். ஆத்தாளுக்குத் தாகம்னு சொன்னா கேப்பாக.”

சாமி இல்லை என்கிற சித்தப்பா சொன்ன அருள்வாக்கு அது.

வரும் வழியில் எனக்குக் குச்சி ஐஸ் கிடைத்தது. “திருட்ட பத்திச் சித்திகிட்ட சொல்லாதத்தா, வருத்தப்படும்” என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும், யாரும் கேட்காமலே, “அவுக்கல” என்றார். சித்தி, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அப்போதே கேஸ் அடுப்புதான். மறுநாளிலிருந்து அந்த வேம்புக்கான குடத்தைச் சித்தப்பாவே தூக்கினார்.

பெண்கள் குடம் குடமாக ஊற்றினார்கள். வேம்பு பிழைத்தது, பக்கத்தில் நட்டதும் பிழைத்தது. இன்று அந்தப் பாதையில் வெயில் படாமல் நடக்கலாம். தொட்டில் வெகுகாலம் ஆடி, தானாகவே இற்று விழுந்தது.

எனக்கு அப்போது கவலையெல்லாம் வேறு. என் சித்தப்பா சாமிக்குப் பயந்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் துணியைத் திருடியவளை விடக் கூடாதென்று தெருவில் ஒவ்வொரு பெண்ணையும் முறைத்துப் பார்த்தேன். தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டவள் என் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.